சாம்பிராணி படிந்த விசிறி

முதல் ஸ்க்ரூ கழன்று உள்ளங்கையில் விழுந்தபோது யாரோ பார்த்துவிட்டது போலிருந்தது அக்ஸீலியாவுக்கு, நிமிர்ந்தாள், யாரும் இல்லை, தொட்டிலில் ஜோவிட்டா ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினாள், ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடி வெயில், கொடியில் கிடந்த குழந்தைத் துணிகள் உப்புக் காற்றில் விறைத்துப்போய் ஆடின, கூடத்தில் மாமியாரின் குறட்டை ஏறி ஏறி இறங்கியது. இரண்டாவது ஸ்க்ரூவில் அந்தக் கூச்சம் பாதியாகிவிட்டது, அடுத்ததில் கை பழகிவிட்டது. கழற்றியதையெல்லாம் இட்லித் தட்டில் போட்டாள், லேப்டாப்பின் எந்த மூலையில் எடுத்தாளோ தட்டிலும் அந்த மூலைக் குழியில். அது அவளுடைய சொந்த யோசனை. செய்முறை காட்டிய யூடியூப் வீடியோவில் வந்தவன் காந்தப் பாய் ஒன்றை விரித்து அதில் வரிசையாக வைத்தான், காந்தப் பாய்க்கு அவள் எங்கே போவாள், இட்லித் தட்டில் குழி இருக்கிறது, உருண்டு ஓடாது, நீளமானதும் குட்டையானதும் கலக்காது. நாலு மணிக்குத் தேர்வு. அதற்குள் இதைத் திறந்து, நினைவகத்துக்குப் புது ரேமைச் செருகி, கிழட்டு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேகமான எஸ்.எஸ்.டி.யை வைத்து, மூடி, உயிர் வரவைக்க வேண்டும். டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் நேற்றே புதியதில் நகலெடுத்துவிட்டாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு எழுத்தில் திருத்திக் கொடுக்கிற வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம், போன வாரம் ஒருமுறை தேர்வு எழுதிப் பாதியில் நின்றுபோனது, நிறுவனத்துப் பெண் இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள், இன்றோடு அதுவும் முடிகிறது. வரும். வராவிட்டால்? வரும் என்றால் வரும். எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் பட்டாலே ரேம் செத்துப்போகும், அடிக்கடி ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள் என்று வீடியோக்காரன் சொன்னான், அவள் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தொட்டாள், கோயில் வாசலில் தீர்த்தத்தில் விரல் நனைப்பது போல, அப்படியே தொட்டிலைக் குனிந்து பார்த்தாள், மூச்சு வருகிறதா, வருகிறது, விலாவோரம் சட்டை ஏறியது, இறங்கியது, ஒருமுறை பார்த்தால் போதாது, இன்னொருமுறை, சரி.

தொடாதே என்பதை அவள் பள்ளிக்கூடத்தில்தான் ஒழுங்காகப் படித்தாள். கான்வென்டில் கம்ப்யூட்டர் அறை என்றால் பீடம் மாதிரி, வாசலிலேயே ஷூவைக் கழற்ற வேண்டும், சாக்ஸ் காலோடு வழுக்கி வழுக்கி நடக்க வேண்டும், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வெள்ளைத் துணியில் உறை, உறையின் ஓரத்தில் ரோஜாப் பூ, அந்தப் பூவையெல்லாம் தையல் வகுப்பில் இவர்களேதான் போட்டார்கள், அக்ஸீலியா போட்ட பூ கோணலாக இருக்கிறதென்று சிஸ்டர் பெனடிக்டா பிரிக்கச் சொல்லித் திரும்பப் போடவைத்தார். கேர்ள்ஸ், ஹேண்ட்ஸ் பிஹைண்ட் யுவர் பேக். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும், சொன்னால் மட்டும் தொட வேண்டும், சொன்னதை மட்டும் தொட வேண்டும். ஏதாவது ரிப்பேர் என்றால் வெளியிலிருந்து ஒரு ஆள் வருவார், அவர் வந்ததும் பெண்களையெல்லாம் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், உள்ளே என்னவோ நடக்கக்கூடாதது நடக்கிற மாதிரி, பிள்ளைகள் பார்க்கக்கூடாத அறுவை சிகிச்சை மாதிரி. ஒரு நாள் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். உறையில்லாமல், மூடியில்லாமல் பெட்டி பக்கவாட்டில் கிடந்தது, அந்த ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயால் ஃபூ என்று ஊதினார், தூசி பறந்தது, அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் காது திருகப்பட்டது. யாரும் அவளிடம் அதற்குள் என்ன இருக்கிறதென்று சொல்லவில்லை, உறையில் பூப் போடத்தான் சொன்னார்கள். அழகான இங்கிலீஷ் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டாள், அந்த இங்கிலீஷை வைத்துத்தான் இன்றைக்கு இந்தத் தேர்வையே எழுதுகிறாள், ஆனால் கையைப் பின்னால் கட்டியே பழக்கிவிட்டார்கள், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அந்தக் கட்டு அவிழ்கிறது, அதுவும் எப்படி நடுங்குகிறது பார், ஸ்க்ரூ டிரைவர் நுனி பள்ளத்தில் உட்காராமல் வழுக்கிப் பிளாஸ்டிக்கில் கோடு போட்டுவிட்டது. போடட்டும். என்னுடைய லேப்டாப், என்னுடைய கோடு.

கடைக்காரர் பலவேசத்துக்கும் அதே பேச்சுத்தான். “விட்டுட்டுப் போங்க மேடம், ரெண்டு நாள்ல மாட்டித் தாரேன்.” ரெண்டு நாள் இல்லை அண்ணாச்சி, நானே மாட்டிக்கிடுவேன் என்றாள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளையும் அவள் இடுப்பில் இருந்த ஜோவிட்டாவையும் பார்த்தார். “யூடியூப் பாத்தா? மேடம், இது குக்கருக்குக் கேஸ்கட் மாத்துற மாதிரி இல்ல.” “நீங்க என்னைக்காவது குக்கருக்குக் கேஸ்கட் மாத்தியிருக்கீங்களா அண்ணாச்சி?” “அது வீட்ல பாத்துக்கிடுவாங்க.” “இதையும் வீட்ல பாத்துக்கிடுவாங்க.” கடையில் நின்ற இன்னொருவர் சிரித்துவிட்டார், பலவேசமும் சிரித்துத்தான் ரேமை நெகிழித் தாளோடு எடுத்துக் கொடுத்தார், ஓரத்தைப் பிடிச்சித் தூக்குங்க, தங்க நிறத்துல இருக்கதத் தொடாதீங்க என்று சொல்லி அனுப்பினார். கடையை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்வரை நிமிர்ந்து நடந்தவள் திரும்பிய பிறகு, வாய் பேசியதை உடம்பு தாங்காமல், பால்பூத் நிழலில் நின்று தண்ணீர் குடித்தாள். புருஷன் டென்சிங் மட்டும் என்ன. கன்டெய்னர் யார்டில் ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னான், “ஏட்டி, இருக்கதையும் கெடுத்துராத. அது மலிவுக்கு எடுத்த டப்பா. டப்பாக்குள்ள என்னத்தப் போட்டாலும் டப்பாதான்.” போடுறது நான்தான, நான் பாத்துக்கிடுதேன் என்றாள். “அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம், பிள்ளை நடக்கட்டும்.” கெட்டவன் இல்லை, சோறு போட்டுக்கொண்டே குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறவன், ஆனால் அந்த அடுத்த வருஷம் என்பது அவளுக்குத் தெரியும், நடக்கட்டும் என்பார்கள், நடந்தால் பேசட்டும், பேசினால் பள்ளிக்கூடம் போகட்டும், போனால் இன்னொன்று பிறக்கட்டும், அது ஒரு வரிசை, அதில் நின்றவர்கள் யாரும் கவுண்டர் ஜன்னலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததாக அவள் கேள்விப்படவில்லை. திறப்பதற்கு முன்னால் வேறு வழியெல்லாம் பார்த்துவிட்டாள், லேப்டாப்பில் தானாகவே தொடங்கி ஓடுகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள், திரையின் நிழல், மினுக்கு எல்லாவற்றையும் அணைத்தாள், வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த விளையாட்டுகளை அழித்தாள், அழித்த புதிதில் கொஞ்ச நேரம் துள்ளும், பிறகு பழையபடி தவழும், ஜோவிட்டா கூட இப்போது அதைவிட வேகமாகத் தவழ்கிறாள்.

ஆனால் போன வாரம் என்ன நடந்தது? அங்கே வந்ததும் மனம் காலை மடக்கிக்கொள்கிறது. லேப்டாப் ஹேங் ஆயிட்டு என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள், டென்சிங்கிடம், மாமியாரிடம், பாளையங்கோட்டையில் அம்மாவிடம், நிறுவனத்துப் பெண்ணிடம் இங்கிலீஷில். பொய் இல்லை. ஹேங் ஆகத்தான் செய்தது. மடி சுட்டது, தட்டிய எழுத்து நின்று நின்று வந்தது, கடைசியில் திரை அப்படியே உறைந்தது. ஆனால் அதற்கு முன்னால். அதற்குக் கொஞ்சம் முன்னால். காதில் டாக்டர் ஒரு சொல் சொன்னார், கால் வீக்கத்துக்குச் சொல்கிற சாதாரணச் சொல், எடீமா, ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே படித்தது, தன் கர்ப்பக் காலத்தில் தன் காலைக் காட்டியே சொன்னது, அந்தச் சொல் காதில் விழுந்தது, கை கீபோர்டுக்கு மேலே நின்றது, மண்டைக்குள் வெள்ளையாக ஒன்றுமில்லை, பால் வாடை மட்டும் இருந்தது, பக்கத்து அறையில் ஜோவிட்டா சிணுங்குகிறாளா என்று காது அந்தப் பக்கம் போனது, திரும்பி வந்து பார்த்தால் திரை உறைந்திருந்தது. யார் முதலில் நின்றது? அதுவா, அவளா? பாலூட்டும்போதெல்லாம் அதையே திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. “பிள்ளை பெத்தா புத்தி கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும், ரெண்டு உயிருக்கு ரத்தம் வேணும்லா” என்று மாமியார் அரிசி களைந்துகொண்டே சொன்னது, வையவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் மோசம். அடுப்பில் பால் பொங்கியது, சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தது, டென்சிங்கின் அக்காவைப் பெயர் மறந்து இந்தாங்க என்று கூப்பிட்டது, எல்லாம் சாட்சிக்கு வரிசையாக வந்து நிற்கின்றன. லேப்டாப் டப்பாவாக இருக்கும்வரை இவளுக்கு ஒரு மறைப்பு இருக்கிறது. இன்றைக்கு இது ஓடிவிட்டால் மறைப்புப் போய்விடும், நின்றது நீதான் என்று தெரிந்துபோகும். ஸ்க்ரூக்களைத் திரும்ப முறுக்கிவிட்டு, சரியாகலைங்க, நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடலாம், டென்சிங் சந்தோஷப்படுவான், பரோட்டா கூட வாங்கி வருவான். மாட்டேன். நான் மந்தமென்றால் அதை நானே தெரிந்துகொள்கிறேன், ஒரு டப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தெரிந்துகொள்ள மாட்டேன்.

மூடியை நெம்புவதற்குத் தட்டையாக ஏதாவது வேண்டும், அலமாரியில் கிடந்த ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்தாள், அட்டையில் இருந்தவளுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது, கண் பெரிதாக இருந்தது, வா, நீயும் ஒரு கை பிடி. இடுக்கில் நுழைத்து நகர்த்தினாள், டக், டக் என்று நெட்டி முறிகிற சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் நிறுத்திக் குனிந்து பார்த்தாள், உடைந்ததா, இல்லை, கொக்கிகள் விடுகிற சத்தம், வீடியோவிலும் இதே சத்தம்தான், ஆனால் வீடியோவில் உடைந்தால் இன்னொன்று இருக்கும். மூடி எழுந்தது. முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள், பிறகுதான் மூச்சு விட்டாள், விட்ட பிறகுதான் பார்த்தாள். ஓரத்தில், உள்சூட்டைத் தணிக்கிற விசிறி இருக்க வேண்டிய இடத்தில் விசிறி இல்லை. வட்டமாக ஒரு கம்பளித் துண்டு இருந்தது, சாம்பலும் வெள்ளையுமாக, நடுவில் பழுப்பாகப் பிசின் போல. விரலால் ஓரத்தைத் தூக்கினாள், அடை மாதிரி எழுந்து வந்தது, அடியில் விசிறியின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. எலி எதுவும் கூடு கட்டிவிட்டதா. மூக்கருகே கொண்டுபோனாள். சாம்பிராணி. சாம்பிராணியும் பவுடரும். அப்படியே பாளையங்கோட்டை வீட்டின் உள்ளறை வந்து மூடிக்கொண்டது, குழந்தை பிறந்து போயிருந்த மாதங்கள், காலையில் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து ஜோவிட்டாவைக் குளிப்பாட்டித் துவட்டிச் சாம்பிராணிப் புகையில் காட்டுவாள், கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணி விரித்து, தலை காயணும், சளி பிடிக்கப்படாது, பிறகு பவுடரை அள்ளி அள்ளிக் கழுத்திலும் கக்கத்திலும், அறையே பனி மூட்டம், குழந்தை வீறிட்டு அழும், பாட்டுக் கேட்டால்தான் அடங்கும், அதற்காக அவள்தான் லேப்டாப்பைத் திறந்து பக்கத்திலேயே தரையில் வைத்துப் பாட்டுப் போட்டாள், தினமும், இங்கே வந்த பிறகு மாமியாரும் அதே கூடை, அதே புகை, இவளும் அதே பாட்டு. அது ஓடிக்கொண்டே அத்தனையையும் இழுத்திருக்கிறது. பவுடர் பசையில் புகை, புகைப் பசையில் பவுடர். விசிறிக்கே இப்படியென்றால் பிள்ளையின் நெஞ்சில்? கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள், தொட்டிலில் குனிந்து காதை அந்தச் சின்ன மார்பில் வைத்தாள், தன் நெஞ்சின் அடிதான் கேட்டது, மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள், சுத்தமாக இருந்தது, விசில் இல்லை, கரகரப்பு இல்லை, பிள்ளை உதட்டைச் சப்பிக்கொண்டு திரும்பிப் படுத்தது. பிள்ளைக்கு இருமத் தெரியும், தும்மத் தெரியும். இதற்குத் தெரியாது. சூடு ஏறினால் செத்துப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறாள். அத்தனை மாதமும் குறைத்துக் குறைத்து உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது, டப்பா, டப்பா என்று எல்லோரும் சொன்னார்கள், சொன்ன ஒருவரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே கோபம் வந்தது, கோபம் நன்றாக இருந்தது, நடுக்கம் குறைந்துவிட்டது.

சிரிப்புச் சத்தமோ என்னவோ, குறட்டை நின்றது. கதவு திறந்தது. மாமியார் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே வாசலில் நின்று தரையைப் பார்த்தார். “என்னம்மா இது, இட்லித் தட்டுல ஆணியப் போட்டு வச்சிருக்க?” “கழுவிக்கிடலாம் மாமி.” “இதுக்குத்தான் கதவச் சாத்துனியா, நான் பிள்ளைக்கு என்னமோன்னு பதறிட்டேன். டென்சிங்குக்குத் தெரியுமா?” “தெரியும்.” “தெரிஞ்சா சும்மா இருந்தான்?” “ரெண்டு வார்த்தை சொன்னாங்க, நானும் ரெண்டு சொன்னேன்.” மாமியார் உள்ளே வந்து குனிந்தார், அக்ஸீலியா அந்த அடையை எடுத்து நீட்டினாள், இதை மோந்து பாருங்க. மோந்தார். “ஏ, நம்ம சாம்பிராணில்லா!” “ஆமா.” “அப்ப எம்மேலயா பழி?” “இல்ல மாமி, மொதல்ல எங்க அம்மா, பொறவு நீங்க, பக்கத்துல வச்சுப் பாட்டுப் போட்டது நான். மூணு பேருமாச் சேர்ந்துதான் இது கழுத்த நெரிச்சிருக்கோம்.” “பிள்ளைக்கு ஒரு நாளு சளி பிடிச்சுதா சொல்லு.” பிடிக்கவில்லை, அது உண்மைதான், அந்த உண்மையைச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்து நாளைக் காலை இதே அறையில் புகை எழும். “நாளையிலருந்து இந்த ரூம்ல வேண்டாம் மாமி. பிள்ளைக்கும் வேண்டாம்.” இந்த வீட்டுக்கு வந்து இதுவரை வேண்டாம் என்ற சொல்லைச் சோற்றுக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். மாமியார் அவளையே பார்த்தார். “இங்கிலீஷ் படிச்ச வாயில்லா.” “தமிழ்லதான மாமி சொன்னேன்.” ம்க்கும் என்று ஒரு சத்தம், கோபமா சிரிப்பா தெரியவில்லை, மாமியார் வெளியே போனார், போகும்போது இட்லித் தட்டைக் காலில் தட்டிவிடாமல் சேலையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனதை அக்ஸீலியா கவனித்தாள்.

குழந்தையின் காதுக்கு வாங்கிய பட்ஸ், பழைய பல்துலக்கி, தலையில் முடி சேராததால் உபயோகப்படாமல் கிடந்த மெத்தென்ற சீப்பு பிரஷ், எல்லாம் வந்தன. விசிறியைத் தனியாகக் கழற்றி ஒவ்வொரு இதழாகத் துடைத்தாள், பிசின் எளிதில் விடவில்லை, நகத்தால் சுரண்டினாள், காற்று வெளியேறுகிற சின்னச் சின்னத் தகடுகளுக்கு நடுவிலிருந்து பஞ்சு பஞ்சாக வந்தது, வெளியே நின்று ஃபூ என்று ஊதினாள், தூசி பறந்தது, அவ்வளவுதான், ஆமாம் அவ்வளவுதான் சிஸ்டர். விசிறியை விரலால் சுண்டினாள், சுற்றியது, நிற்காமல் சுற்றியது. பழைய டிஸ்க்கையும் பழைய ரேமையும் எடுத்தாள், எஸ்.எஸ்.டி. அந்த இடத்தில் தகடு போலப் படுத்துக்கொண்டது. ரேமை ஓரம் பிடித்துச் சாய்வாகச் செருகினாள், போகவில்லை, அழுத்தினால் உடையுமோ, உடையாது, எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், வெட்டு இருக்கிற பக்கம் மாறியிருந்தது, மாற்றிச் செருகினாள், படுக்கவைத்தாள், இரண்டு பக்கமும் கொக்கி தானாக வந்து பிடித்தது, அந்தச் சத்தம் அவ்வளவு இனிப்பாக இருந்தது. விசிறியைத் திரும்ப வைத்து முடுக்க வந்தபோதுதான் தட்டில் குழி ஒன்று காலியாக இருப்பது தெரிந்தது. நடுக்குழி. அதில்தான் விசிறியின் குட்டி ஸ்க்ரூ. இங்கேதான் போட்டாள். பாயைத் தூக்கி உதறினாள், மடியைத் தட்டினாள், தலைமுடியைக் கூடத் தடவினாள், பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் தொட்டில் பக்கம் தலை திரும்பியது. பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாளே. தொட்டிலை விட்டு இறங்கவே இல்லையே. தெரியும். தெரிந்தும் என்ன, பயத்துக்குத் தொட்டில் உயரம் கணக்கில்லை, வாய்க்குள் போய்த் தொண்டையில் ஒரு கறுப்புப் புள்ளி, எக்ஸ்ரேயில் வெள்ளையாக, ரெக்கார்டு பிரிவில் இருந்தபோது பார்த்திருக்கிறாள், நாணயம், பொத்தான், ஊக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் வெளியே பெஞ்சில். ஜோவிட்டாவின் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள், ஈறு, ஈரம், பிள்ளை அந்த விரலையே சப்பத் தொடங்கியது. இதற்குத்தான் வேண்டாமென்றோம் என்று யாரோ சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள், எத்தனை பேரின் குரலை உள்ளே குடி வைத்திருக்கிறாள். நிறுத்து. யோசி. இரும்பு எங்கே போகும்? லேப்டாப்பின் உள்ளே, ஓரத்தில், ஸ்பீக்கர். ஸ்பீக்கரில் காந்தம் உண்டு. குனிந்து பார்த்தாள், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு மூக்குத்தி போல உட்கார்ந்திருந்தது. இட்லித் தட்டை அதற்குமேல் தூக்கி நகர்த்தினாளே, அப்போது தாவியிருக்கிறது. பிடுங்கி முடுக்கினாள், கைவிரல் நடுங்கியது, நடுங்கினாலும் ஸ்க்ரூ உட்கார்ந்தது, நடுங்குகிற கையாலும் வேலை நடக்கும் போலிருக்கிறது, இதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

பேட்டரியைச் செருகி, மூடியைப் பொருத்தி, இட்லித் தட்டைக் காலி செய்து, நிமிர்த்தி வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சின்ன விளக்கு எரிந்தது. திரை கறுப்பு. சரி, கொஞ்சம் நேரம் எடுக்கும். கறுப்பு. விசிறி சுற்றுகிற சத்தம் கூட இல்லை, அல்லது சுத்தமாகிவிட்டதால் சத்தமில்லையா, சத்தமில்லாமல் இருந்தால் நல்லதா கெட்டதா. கறுப்பில் அவள் முகம் தெரிந்தது, முடி கலைந்து, கன்னத்தில் தூசியாக. செத்துவிட்டது. கொன்றுவிட்டாள். ஜன்னல் கம்பியைத் தொட மறந்திருப்பாள், ரேமைச் செருகுவதற்கு முன் தொட்டாளா, தொட்டிலைத் தொட்டாள், தொட்டில் மரம், மரம் ஆகாது. மாதாவே என்று வாய் தானாகத் தொடங்கியது, பிறகு நின்றது, மாதாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம், இது நான் திறந்தது, நான்தான் மூடினேன். டென்சிங் சிரிக்க மாட்டான், அதுதான், சிரித்தால் பரவாயில்லை, போட்டும் விடுட்டி என்பான், முதுகைத் தட்டுவான், அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு எத்தனை வருஷம் சமைப்பது. சிரிக்கட்டும், தட்டட்டும், திரும்பத் திறப்பேன். ரேமை எடுத்துத் திரும்பச் செருகுவேன், பழைய ரேமைப் போட்டுப் பார்ப்பேன், பலவேசத்திடம் போய் அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து திறப்பேன், எனக்கு இப்போது உள்ளே வழி தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கையை நீட்டினாள். திரை வெளுத்தது. லேப்டாப் கம்பெனியின் பெயர் வந்தது, போனது, நீலம் வந்தது, கடவுச்சொல் கேட்டது, முன்பெல்லாம் இந்த இடத்துக்கு வருவதற்குள் ஒரு பாத்திரம் கழுவி வைத்துவிடலாம். உள்ளே போய்ப் பார்த்தாள், நினைவகம் இருமடங்கு என்று காட்டியது. புது ரேமை முதல்முறை சந்திக்கும்போது கொஞ்சம் யோசிக்குமாம். யோசிக்கட்டும், யோசிப்பது சாவு இல்லை.

தேர்வுப் பக்கம் திறந்தது, ஹெட்போனை மாட்டினாள், அதே நேரம் ஜோவிட்டா விழித்து முதல் சிணுங்கலை விட்டாள், இரண்டாவது சிணுங்கல், மூன்றாவது அழுகையாக மாறும், தெரியும். எழுந்து கதவைத் திறந்தாள். “மாமி, பிள்ளைய எடுங்க. எனக்குப் பரீட்சை. கேக்குதா?” “கேக்குது, கேக்குது, தெருவுக்கே கேக்குது” என்று மாமியார் வந்தார், வந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “வாட்டி, ஒங்க அம்மை கலெக்டருக்குப் படிக்கா, நாம போயி காக்கா பாப்போம்” என்று வெளியே போனார், கேலிதான், இருக்கட்டும், கேலி செய்கிற கை பிள்ளையைப் பத்திரமாகத்தான் பிடித்திருக்கிறது. கதவைச் சாத்தினாள். தொடங்கு என்பதை அழுத்தினாள். ஒரு பெண் டாக்டரின் குரல், வேக வேகமாக, பின்னால் யாரோ டிராலி தள்ளுகிற சத்தம், நோயாளிக்கு வயது, நோயாளிக்கு முந்தைய அறுவை சிகிச்சை, அவள் விரல்கள் ஓடின, தட்டிய எழுத்து தட்டிய உடனே வந்து உட்கார்ந்தது, நின்று நின்று வரவில்லை, மடி சுடவில்லை, இவ்வளவு வேகத்தை அவள் பழகியதே இல்லை, பயமாகக் கூட இருந்தது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இறக்கத்தில் சைக்கிள் போவது போல. வெளியே ஜோவிட்டா வீறிட்டாள். டாக்டர் ஒரு சொல் சொன்னார். விரல்கள் நின்றன. வந்துவிட்டது. வெள்ளை. காது வெளியே போய்விட்டது, தொண்டையில் ஏதாவதா, இல்லை, காக்காயைப் பார்த்துத்தான், மாமியாரின் சிரிப்புக் கேட்கிறது, காது திரும்பி வந்தது. திரையைப் பார்த்தாள். உறையவில்லை. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் கோடு எரிந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது, கீழே வினாடி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது அவள் மட்டும்தான், சந்தேகமே இல்லை, இந்தமுறை சொல்லிக்கொள்ள ஒரு டப்பாவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று வினாடியைப் பார்த்தாள். இவ்வளவுதானா. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம். இதையா ஒரு வாரமாகத் தூக்கிச் சுமந்தாள், இதற்கா மழுங்கல் என்று பெயர் வைத்தார்கள், பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கிற நேரத்துக்கா. குரலைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள், அந்தச் சொல் திரும்ப வந்தது, தெரிந்த சொல்தான், அடித்தாள், அடுத்ததுக்குப் போனாள்.